மூச்சுக் கோடு

யுத்தம் முடியப்போகிற வருஷத்தின் முதல் மாதங்களில் நான் கடையில் வாங்கி மூன்று வீடியோ கேம் விளையாடினேன். மூன்றிலும் பயந்தேன். முதலாவதில் மட்டும் விரும்பிப் பயந்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கல்முனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வாப்பா எனக்கென்று கட்டிய வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. வாப்பாவையும்தான். அதற்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத்திட்டத்தில் எல்லாரும் கீழ்த்தட்டைக் கேட்டு நின்றபோது நான் மூன்றாம் மாடியைக் கேட்டு வாங்கினேன். சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் ஆகி, கணவர் அந்த மூன்றாம் மாடிக்குத்தான் வந்து சேர்ந்தார். அவர் ஒலுவில் பக்கம் ஓர் அலுவலகத்தில் கிளார்க். பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் இல்லை.

கேம் மெஷினை என் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தான். திரும்பிப் போகும்போது, “ராத்தா, இது இஞ்சயே கிடக்கட்டும், அங்க எனக்கு விளையாட நேரமில்ல” என்று விட்டுப்போனான். பெட்டியோடு வந்த கார் ரேஸை முதலில் போட்டுப் பார்த்தேன். மற்றக் கார்கள் ஓடித் தீர்த்த பிறகு திரைக்குள் இருக்கிற ஊரில் என் காரை மெதுவாக ஓட்டிச் சுற்றி, வீடுகளின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு போவேன். அதுவே எனக்குப் பழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, ளுஹர் தொழுது, சோறு தின்று, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை விளையாட்டுத்தான்.

பஸாரில் ஒரு சீடிக் கடை இருந்தது. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கடையில் இருந்த எல்லாக் கேமையும் விளையாடி முடித்தவர். ஒருநாள் அவரிடம் பயப்படுத்துகிற கேம் ஒன்று கேட்டேன்.

“டீச்சருக்கா?”

“எனக்குத்தான்.”

அவர் சிரிக்கவில்லை. பேனையால் தலைப்பு எழுதிய ஒரு கடதாசி உறையை எடுத்துத் தந்தார்.

ஆள் இல்லாத ஒரு பெரிய ஹோட்டல். அதற்குள் ஒரு பெண். அவள் கையில் ஒரு டோர்ச், வேறொன்றுமில்லை. அவள் நடந்தால் பின்னால் இன்னொரு காலடி கேட்கும், நின்றால் அதுவும் நிற்கும். கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய கடிதங்களை வாசித்து, சாவிகளைத் தேடவேண்டும். என் முதுகு ஈரமாகிவிடும். ஆனால் அந்தப் பயத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பச்சை விளக்கு எரியும் அறைக்குள் எதுவும் வராது. டோர்ச் மங்கினால் மட்டும்தான் அது கிட்ட வரும். தாங்க முடியாவிட்டால் ஒரு பொத்தானை அமத்தி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தொழுது, தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். நான் வரும்வரை பேய் கதவுக்குப் பின்னால் காத்துக்கொண்டு நிற்கும். அந்த வருஷங்களில் ஒரு லொறி வேகமாகப் போனாலே தண்ணீர் வருகிறதென்று படிக்கட்டுக்கு ஓடுகிறவள் நான். என்னிடம் அனுமதி கேட்டு வருகிற பயம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இரண்டு கிழமையில் அதை முடித்தேன். கடைக்காரர் அடுத்ததாகத் தந்தது யுத்தக் கேம்.

“இதுல பேய் இல்ல. ஆனா பயம் இரிக்கி” என்றார்.

அதில் நம் உடம்பு தெரியாது. திரையின் கீழே ஒரு துவக்கும் அதைப் பிடித்த இரண்டு கைகளும் மட்டும்தான். சுற்றிவர உடைந்த சுவர்கள், புகை, எங்கிருந்து வருகிறதென்று தெரியாத வெடி. தொடக்கத்தில் வருகிற கதையைக் கேட்காமல் தாண்டிவிட்டேன். அவர்கள் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவில்லை. சுடுவது மட்டும் எனக்கு நன்றாக வந்தது. கோணம் பார்ப்பதும் தூரம் கணிப்பதும் நான் படிப்பிக்கிற வேலைதானே. அது நன்றாக வந்ததே எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. கணவருக்குச் சொல்லவில்லை.

ஒருநாள் ஊரை ஆமி சுற்றிவளைத்துத் தேடுகிறது, ரவுண்டப் என்று பள்ளிக்கூடத்தைப் பதினொரு மணிக்கே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு விளையாடத் தொடங்கினேன். மின்விசிறியின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்கவேண்டுமென்று சத்தத்தைக் கூட்டியிருந்தேன். அதனால் படியில் பூட்ஸ் கால்கள் ஏறிவந்தது எனக்குக் கேட்கவில்லை. கதவில் விழுந்த அடிதான் கேட்டது.

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். மூன்று ஆமிக்காரர். முன்னால் நின்றவருக்கு வயது கூட, அதிகாரி மாதிரி இருந்தார். மற்ற இருவரும் சுவரோரம் ஒதுங்கித் துவக்கைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எனக்குப் பின்னால் தொலைக்காட்சியில் சூடு நடந்துகொண்டேயிருந்தது. நிறுத்துகிற பொத்தானை அமத்த மறந்துவிட்டேன்.

“இங்க துவக்குச் சத்தம். யாரு?”

“கேம், சேர். ரீவீல விளையாடுற கேம்.”

அவர் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். மற்ற இருவரும் அறைகளுக்குள் போனார்கள். அலுமாரி திறக்கிற சத்தம், குளியலறைக் கதவு திறக்கிற சத்தம்.

“யாரு விளையாடுறது?”

“நான்தான்.”

“புருஷன் எங்க?”

“வேலைக்கு, சேர்.”

“அப்ப யாரு விளையாடுறது?”

“நான்தான், சேர்.”

அவர் நம்பவில்லை. இந்த வீட்டில் ஓர் ஆண் ஒளிந்திருக்கிறான் என்றுதான் நினைத்திருப்பார். தரையில் கிடந்த ஜோய்ஸ்டிக்கைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

“விளையாடுங்க. பாப்பம்.”

உட்கார்ந்தேன். அவர் என் தலைக்கு மேலே நின்றார். தேடப் போனவர்களும் திரும்பி வந்து நின்றார்கள். அந்த நேரத்தில் என் மூளை ஒரு கணக்கைப் போட்டது. பிழையாக விளையாடினால் நான் பொய் சொல்கிறேன் என்றாகிவிடும். நன்றாகச் சுட்டால், சுடத் தெரிந்த ஒரு பொம்பிளை என்றாகிவிடும். எவ்வளவு நன்றாக விளையாடினால் போதும்? சுவருக்குப் பின்னாலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். சுட்டேன், விழுந்தான். அடுத்தவனைத் தெரிந்தே தவறவிட்டேன். மூன்றாவது ஆளைத் தவறவிட நினைத்தும் என் கை கேட்கவில்லை. தலையில் பட்டு விழுந்தான். பின்னால் நின்ற இளம் ஆமிக்காரர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

“நீங்க எந்தப் பக்கம்?” என்று அதிகாரி கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

“இதுல. நீங்க ஆமியா, மத்தப் பக்கமா?”

“தெரியாது, சேர்.”

அது உண்மை. நான் கதையைத் தாண்டிவிட்டேன். அவர் என் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டு, மெஷினைத் திறக்கச் சொல்லி டிஸ்க்கை எடுத்துக்கொண்டார். போகும்போது, “பயம் வேணாம்” என்றார்.

பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. “ஒண்டும் நடக்காது” என்றார். ஆனால் மூன்று கிழமைக்கு ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் அவரும் ஜன்னலடிக்குப் போய் நின்றதை நான் பார்த்தேன். யாரும் வரவில்லை. டிஸ்க்கும் திரும்பி வரவில்லை.

கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே அலுமாரித் தட்டிலிருந்து யுத்தக் கேம் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பெட்டிக்குள் போட்டார். பிறகு எனக்கு ஒரு புதிய உறையைத் தந்தார்.

“இதுல துவக்கே இல்ல, டீச்சர். சண்டையும் இல்ல. தண்ணி மட்டும்தான்.”

அவர் என்னை நினைத்துத்தான் தேடித் தந்தார். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடலுக்கடியில் மூழ்கிப்போன ஒரு பட்டினம். ஒரு பெண் அதற்குள் நீந்திப் போய்ப் பொருட்களை மேலே கொண்டுவர வேண்டும். திரையின் மேல்மூலையில் ஒரு நீலக் கோடு இருக்கும். அது அவளுடைய மூச்சு. தண்ணீருக்குள் போனவுடன் குறையத் தொடங்கும். கால்பங்கானதும் அவளுடைய இதயம் அடிக்கிற சத்தம் கேட்கும். முடிந்தால் அவள் வாயிலிருந்து குமிழிகள் வந்து, கைகள் தளரும்.

அழகான கேம் என்று இன்றைக்கும் சொல்வேன். மேலேயிருந்து இறங்கும் வெளிச்சத்தில் மீன்கள் கூட்டமாகத் திரும்பும்போது சுவரெல்லாம் மினுங்கும். ஆனால் நான் கரையிலேயே நின்றேன். முதல் நாள் முழங்காலளவு. இரண்டாம் நாள் தலையைத் தாழ்த்தி உடனே எடுத்தேன். உள்ளே போகும்போதெல்லாம் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அது எனக்குத் தெரியாமலே நடந்தது. நான் எங்கள் வீட்டுக் கூரைக்குள் அடைபட்டு, ஓடு உடைந்த இடத்தால் வெளியே வந்தவள்.

ஒரு சனிக்கிழமை காலை கணவர் வீட்டில் இருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அன்றைக்கு முதல்தடவையாக ஒரு வீட்டுக்குள் நீந்திப் போனேன். வழி மாறிவிட்டது. இதயம் அடிக்கத் தொடங்கியதும் மேலே, மேலே என்று பொத்தானை அமத்தினேன். அவள் முகட்டில் முட்டி முட்டித் திரும்பினாள்.

“மேல போகாதீங்க” என்றார் கணவர். “மேல பலகையும் தகரமும் அடைச்சிக் கிடக்கும். பக்கத்தால தள்ளிப் போங்க. வெளிச்சம் பழுப்பா வாற பக்கம் போங்க.”

அவள் செத்துப்போனாள். திரை கறுத்து, திரும்பக் கரையில் நின்றாள்.

“இதுல பலகை இல்லையே” என்றேன். “தண்ணியும் பழுப்பு இல்ல.”

அவர் கையை நீட்டித் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

“இஞ்சாருங்க, கடல் வந்த அண்டைக்கு நற்பிட்டிமுனையில மாமி வீட்ட நிண்டதெண்டுதானே சொன்னீங்க.”

“இல்ல” என்றார். “கடற்கரையிலதான் நிண்ட.”

தண்ணீர் அவரை அடித்துக்கொண்டுபோய், அரைகுறையாகக் கட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தின் கொங்கிரீட் தட்டோடு மோதியது. ஏறிக்கொண்டார். அடுத்த அலை வந்தபோது, ஒவ்வொரு ஞாயிறும் அவர் வீட்டு ஒழுங்கைக்குக் கருவாடு கொண்டுவருகிற பாண்டிருப்புப் பெண் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு கீழே சுழன்றாள்.

“தம்பி, தம்பி எண்டு கூப்பிட்டா. என்னத்தான் பாத்துக் கூப்பிட்டா. நான் இறங்கல்ல. படுத்துக் கண்ண மூடிக்கிட்டன்.”

எனக்கு அவரைத் தொடப் பயமாக இருந்தது. இரண்டு வருஷம் பக்கத்தில் படுத்த மனிதர். ஜோய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, கடைசியில் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

அந்தப் பெண்ணின் புருஷனிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று அவர்தான் சொன்னார். நான் தடுத்தேன். இரண்டு நாள் தடுத்தேன். மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பின்னால் நானும் ஏறிக்கொண்டேன்.

அவளுடைய புருஷன் ஐம்பது வயதான மீன்பிடிகாரர், வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கணவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மீன்பிடிகாரரின் கை வலையிலேயே நின்றுவிட்டது.

“கூப்பிட்டாளா?” என்று கேட்டார். “முதல் அலையோடயே போயிட்டாள் எண்டுதான் நாங்க நினைச்சிருந்தம். ஒண்டும் தெரியாமப் போயிட்டாளெண்டு.”

நாங்கள் எதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கணவர் மோட்டார் சைக்கிளை மிக மெதுவாக ஓட்டினார்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அந்த மனிதர் எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறிவந்தார். கதவைத் திறந்து, வழிவிட்டு ஒதுங்கினேன். அவர் கணவரைப் பார்த்து, “இடத்தக் காட்டுங்க” என்றார்.

மூவரும் போனோம். சுவர்கள் இல்லாமல் அந்தக் கொங்கிரீட் தட்டு தூண்களில் நின்றது. கணவர் மேலே ஏறி, படுத்த இடத்தைக் காட்டினார். அவள் சுழன்ற இடத்தையும் கையால் காட்டினார். மீன்பிடிகாரர் கீழே மணலில் அந்த இடத்தில் போய் நின்றார். நின்று, மேலே பார்த்துக் கையை உயர்த்தினார். கணவர் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். இரண்டு கைகளுக்கும் இடையில் ஓர் ஆள் உயரம் இருந்தது. தண்ணீர் அன்றைக்கு எவ்வளவு ஏறியிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

“எட்டாது” என்றார் மீன்பிடிகாரர், கையை இறக்காமலே.

கணவர் எழும்பவில்லை. அவரும் போகவில்லை. வெயில் ஏறும்வரை நான் றோட்டோரத்தில் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.