அவள் கேட்ட பரங்கிப் பிஞ்சு

வைகாசியில் வந்த காய்ச்சல் என் மனைவியை ஒன்பது நாளில் விட்டுவிட்டது. போகும்போது அவள் பசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காலையில் இரண்டு இட்லி வைத்தால் ஒன்றரை அப்படியே இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் ஆட்களின் வருகையை எண்ணியவன் நான். வீட்டில் மிஞ்சும் இட்லியை எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒரு மாதத்தில் நான்கு கிலோ இளைத்திருந்தாள்.

என்ன சாப்பிடத் தோன்றுகிறது என்று தினமும் கேட்பேன். ஒரு மத்தியானம், பின்கட்டுக் கட்டிலில் கண்ணை மூடியபடி, "பரங்கிப் பிஞ்சு இருந்தா பால் ஊத்திக் கூட்டு வெச்சித் துன்னலாம். கொடியில இருந்து அப்பவே அறுத்ததா இருக்கணும்" என்றாள். தூக்கத்தில் பேசுகிறவள் போல இருந்தது அந்தக் குரல். கடைத்தெருவில் முற்றிய பரங்கிக் கீற்றுகள்தான் கிடைத்தன.

பரங்கிக்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று இரண்டு உண்டு. ஆடி பிறக்கப் பதினெட்டு நாள் இருந்தது. அத்தனை நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனி வெயிலிலேயே கொல்லையில் இரண்டு குழி வெட்டி, மக்கிய எரு போட்டு, குழிக்கு நான்காக எட்டு விதை ஊன்றினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பழவேற்காட்டு மீன்பிடிக் குடும்பத்திலிருந்து உருக்காலை வேலைக்கு வந்தவர். மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"இன்னா சார், இந்த வெயில்ல வெத போட்டுக்கினு கீறீங்க? ஒரு மழ வுழட்டுமே."

"மழ என்னிக்கு வரும்னு யாருப்பா கண்டா?"

"அது உங்க ஆபீஸ் கார்டா, டைமுக்குப் பஞ்ச் அடிக்க?"

உள்ளே என் மனைவி சிரிப்பது கேட்டது.

எட்டில் மூன்று முளைத்தன. ஒன்று கருகியது. ஆடி ஐந்தாம் தேதி நல்ல மழை. மறுநாள் மூன்றாவது குழி எடுத்து நான்கு விதை போட்டேன். நான்கும் ஆறாம் நாள் தலை காட்டின. ஒரு மாதத்தில் ஆனிக் கொடிகளை எட்டிப் பிடித்து, அவற்றின்மேலேயே படர்ந்தன. என் அவசரத்தால் ஒரு நாள்கூட மிச்சமாகவில்லை.

ஆவணி விடியற்காலைகளை இப்போது நினைத்தால் எது கண்டது, எது கனவு என்று பிரிக்கத் தெரியவில்லை. ஆலைகளின் வெள்ளைப் புகை தாழ்ந்து வந்து கொல்லைக்குள் நிற்கும். அதற்குள் மஞ்சள் பூக்கள் மெல்ல விரியும். எங்கோ ஷிஃப்ட் சங்கு ஊதும். அது பூவுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். ஆனிக் கொடிகளில் முப்பத்திரண்டு பூ எண்ணினேன். அத்தனையும் ஆண் பூ. வெயிலில் போட்டால் அப்படித்தான் ஆகுமாம். ஆடிக் கொடி ஒன்றில்தான் அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சோடு ஒரு பெண் பூ வந்தது. அன்று அந்தக் கொடியில் ஆண் பூ எதுவும் மலரவில்லை. வண்டும் கண்ணில் படவில்லை. ஆனிக் கொடியில் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, நடுவிலிருந்த மகரந்தத்தைப் பெண் பூவில் தொட்டுத் தடவினேன்.

பிஞ்சு உதிராமல் நின்றுவிட்டது. "அதோ, அந்த மூணாவது இலைக்குக் கீழே" என்று மனைவிக்குக் காட்டப் போனேன்.

"வெரல நீட்டாதீங்க. அழுகிப்பூடும்."

"அதெல்லாம் மூடநம்பிக்கை."

"சரி. நீட்டித்தான் பாருங்களேன்."

நான் நீட்டவில்லை. அன்றிலிருந்து முகவாயால்தான் காட்டினேன்.

ஒன்பதாம் நாள் அது தேங்காய் அளவு ஆகியிருந்தது. இளம்பச்சை, மேலே பால் தெளித்தது போலப் புள்ளிகள். இன்னும் நாற்பது நாள் விட்டால் ஐந்து கிலோ பழமாகும், அடுத்த பட்டத்துக்கு விதையும் கிடைக்கும் என்று கட்டிலருகே உட்கார்ந்து கணக்குச் சொன்னேன். வேறு பிஞ்சு எதுவும் நிற்கவில்லை, இது ஒன்றுதான் என்றும் சொன்னேன்.

"இன்னிக்கே அறுத்துடுங்க" என்றாள்.

"நாப்பது நாள் தானே?"

"நாப்பது நாள் கழிச்சி எனக்குப் பசிக்குமோ இன்னாவோ. இப்போ பசிக்குது."

அந்தச் சொல்லை நான் கேட்டு நூற்றுப்பத்து நாள் ஆகியிருந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். காம்பில் துளிர்த்த நீர் விரலில் பிசுபிசுத்தது. அவள் கட்டிலிலிருந்தபடியே சொல்லச் சொல்ல, தோல் சீவாமல் நறுக்கி, பாசிப்பருப்போடு வேகவைத்து, இறக்கியபின் பால் ஊற்றினேன்.

மெதுவாகச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் கண் தானாக மூடிக்கொண்டது. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. தட்டை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கீதா?" என்று கேட்டாள்.

சட்டியில் என் பங்கு இருந்தது. அதையும் அவள் தட்டில் சாய்த்தேன்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றபடியே அதையும் சாப்பிட்டாள்.