"ஃப்ரீதானே, போட்டுடு"ன்னு சொன்ன ஆளு

கீழ டயர் கடை. ரப்பர் வேவுற நாத்தம் படியேறி நேரா எங்க ஆபீஸுக்குள்ள வரும்... திருவொற்றியூர் ஹைரோட்டுல கன்டெய்னர் லாரி போனா மானிட்டரே ஆடும்.

ரெண்டாயிரம் பொறந்து மூணு நாலு வருஷம் இருக்கும். நாங்க ரெண்டே ப்ரோக்ராமர். நானும், வண்ணாரப்பேட்டைலேர்ந்து வர்ற ஷாஹினாவும். கன்டெய்னருங்கள அடுக்கி வெக்கிற யார்டுல எந்தப் பொட்டி எங்க கீதுன்னு காட்டுற சாப்ட்வேர் எழுதிக்கினு இருந்தோம்.

அதுக்கு ஒரு டேட்டாபேஸ் வேணும். ஓனர் நெட்ல ஒண்ணு புடிச்சாந்தாரு. "ஃப்ரீதானேம்மா, போட்டுடு."

ஷாஹினா அதோட லைசென்ஸ வரி வரியா படிச்சா.

"சார், இதுக்கு ரெண்டு லைசென்ஸ் கீது. நாம எழுதுற ப்ரோக்ராம் கோடையும் ஊருக்கே தொறந்து குடுத்தாதான் ஃப்ரீ. பூட்டி வெச்சு வித்தா, தனியா லைசென்ஸ் வாங்கணும். ரெண்டும் ஒரே கம்பெனி கைல. நாளைக்கு கம்பெனி கைமாறிச்சுன்னா வர்றவன் சொல்றதுதான் வெல. வேற ஒண்ணு பாப்போம் சார்... ஒரு மாசம் லேட்டாவும், அவ்ளோதான்."

"இன்னாம்மா, வக்கீலுக்கா படிச்ச? எவன் வந்து பாக்கப் போறான்?"

ஓனர் சிரிச்சாரு. நானும் கூட சிரிச்சேன். அத நெனைச்சா இன்னிக்கும் என்னையே அறையணும் போலகீது.

ரெண்டு வருஷம் நல்லா ஓடிச்சு. மணலி, எண்ணூர்னு நாலு யார்டுக்கு வித்தோம்.

அப்புறம் அவ சொன்ன மாதிரியே அந்த டேட்டாபேஸ் கம்பெனிய இன்னொருத்தன் வாங்கினான். லெட்டர் வந்துச்சு. கோட தொறந்து குடு, இல்ல லைசென்ஸ் வாங்கு. அவன் சொன்ன வெலைக்கு எங்க ஆபீஸையே வித்தாலும் கட்டாது.

யார்டு மேனேஜருங்கள உக்கார வெச்சுக்கினு ஓனர் கேட்டாரு பாருங்க... "இத உள்ள போட்டது யாரு? ஷாஹினாதானே?"

போடச் சொன்னதே அந்த ஆளு!

அவ என்னைப் பாத்தா. "நான் அன்னிக்கே சொன்னேன்ல? நீ இருந்தல்ல?"

நான் கீபோர்டையே பாத்துக்கினு இருந்தேன். வூட்டுல தங்கச்சி கல்யாணம்... வேல போயிடும்னு பயம். பயம் இன்னா பயம், கோழைத்தனம்.

பைய தூக்கிக்கினு எறங்கிப் போனா. திரும்பி வரவேயில்ல. யார்டுக்காரங்களும் ஒவ்வொருத்தரா கழண்டுக்க, ஆறு மாசத்துல ஆபீஸையே மூடிட்டாங்க.

இப்போ நான் வேல பாக்குறது ஓஎம்ஆர்ல பெரிய கம்பெனி, ஏசி ரூம். அந்த மாதிரி லைசென்ஸ் உள்ளத எவனாவது கோடுல போட்டா அத செக் பண்ற டூல் ஒண்ணு தானாவே செவப்பு காட்டும். ஒடனே மீட்டிங், லீகல் டீம்... மொத்த வேலையும் நின்னுடும்.

மெஷின் சொன்னா கேக்குறோம். அன்னிக்கு ஒரு பொண்ணு படிச்சுட்டு வந்து சொன்னா... பல்லக் காட்டிக்கினு நின்னோம்.