வீடு பார்க்கப் போன பணக்காரன்

வீடு கிடைத்துவிட்டது!

லண்டன் இல்ஃபோர்ட்டில்! இரண்டு அறை! மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம்! பிரிக்காத பெட்டி ஒன்றின் மேல் லேப்டாப்பை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இந்த வாரப் பத்தியில் துள்ளல் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன். முதுகு பழுதாகி வேன் ஓட்டுகிற வேலை பாதியாகக் குறைந்த நாளிலிருந்து, எங்கள் வாடகையில் பெரும் பங்கை அரசாங்கம்தான் தருகிறது. இருந்த வீட்டை உரிமையாளர் விற்கிறார், மாதக் கடைசிக்குள் நாங்கள் வெளியேற வேண்டும். வேறு வீடு கிடைக்காவிட்டால்? உள்ளூர் கவுன்சில் தற்காலிகமாக ஓர் இடம் தரும். எங்கே? ரயிலில் இரண்டு மணி நேரம்! மகளுக்கோ மே மாதம் ஜிசிஎஸ்இ பொதுச் சோதனை.

நானும் மனைவி வதனியும் ஏறி இறங்காத வீட்டு ஏஜென்ட் கடை இல்லை. அரசாங்கம் 'இவ்வளவுதான் தருவேன்' என்று ஒரு கோடு கீறி வைத்திருக்கிறது. இல்ஃபோர்ட் வாடகைகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலேதான் குடியிருக்கின்றன. தப்பித் தவறி ஒன்று கீழே இறங்கி வந்தாலும், அரசாங்க உதவியைச் சொல்லும் 'பெனிபிட்' என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்த கணமே ஏஜென்ட் ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள்... வீடு இப்போதுதான் போய்விட்டதாம்! எங்கே போனது? கால் முளைத்து நடந்து போனதா?

அப்போதுதான் மரக்கறிக் கடையில் வதனிக்கு ஒரு தகவல் கிடைத்தது. மெற்றில்டா அக்கா என்று ஒருவர், மன்னார்க்காரர், தன் வீட்டை வாடகைக்குக் கொடுக்கப் போகிறாராம். அதுவும் கோட்டுக்குள்!

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. வெள்ளைக்கார ஏஜென்ட்டிடம் பெனிபிட் என்று சொல்லலாம். ஒரு தமிழ் ஆளிடம் சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிவதற்குள் லண்டன் முழுக்கத் தெரிந்துவிடாதா?

ஆகவே மச்சானின் ஜெர்மன் காரை இரவல் வாங்கினேன். அவருடைய கோட்டையும் வாங்கினேன். பொத்தானைப் பூட்டினால் மூச்சு விட முடியாது, மூச்சு விட்டால் பொத்தான் நிற்காது. வதனி தாலிக்கொடியை எடுத்துச் சேலைக்கு வெளியே போட்டுக்கொண்டாள். வீடு பார்க்கப் போகிறோமா, கல்யாணத்துக்குப் போகிறோமா என்று எங்களுக்கே சந்தேகம்.

"என்ன தம்பி, வேலை என்னமாதிரி?" என்று வீட்டைச் சுற்றிக் காட்டியபடியே கேட்டார் மெற்றில்டா அக்கா.

"டிரான்ஸ்போர்ட் பிஸ்னஸ், அக்கா." வேன் ஓட்டுவதும் டிரான்ஸ்போர்ட்தானே?

"கவுன்சில் உதவி ஏதும் எடுக்கிறியளோ?"

"சீச்சீ! எங்களுக்கு என்னத்துக்கு அக்கா அதெல்லாம்?"

அக்காவின் முகம் விழுந்தது.

"அப்பிடியெண்டால் ஏலாது தம்பி. வசதியான ஆக்களுக்குக் குடுத்துக் குடுத்து நான் களைச்சுப் போனன். ஆறு மாசத்திலை சொந்த வீடு வாங்கிக்கொண்டு போயிடுவினம். நான் திரும்பவும் பெயின்ட் அடிக்கிறதோ? இந்த முறை கவுன்சில் திட்டத்திலை பதிஞ்சிருக்கிறன். டெபாசிட்டும் அவையே தருவினம். உதவி எடுக்கிற குடும்பத்துக்குத்தான் குடுக்கலாம்."

அரை மணி நேரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு பணக்காரனாக நின்றதற்கு இதுவா பலன்?

வதனிதான் முந்திக்கொண்டாள். "அக்கா, இவருக்கு ஒரு பிஸ்னஸும் இல்லை! கார் என்ரை அண்ணையின்ரை!"

"கோட்டு?"

"அதுவும் அண்ணையின்ரைதான்!"

"அப்ப உங்கடை எண்டு என்னதான் தம்பி இருக்கு?"

"முதுகு நோ மட்டும்தான், அக்கா."

அக்கா சிரிக்கவில்லை. "இப்ப வீட்டுக்காக ஏழையெண்டு சொல்லுறியளோ, ஆருக்குத் தெரியும்?"

ஏழை என்பதை நிரூபிக்க நான் பட்ட பாடு! கடைசியில் போனை எடுத்தேன். பெனிபிட் எடுப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குறிப்பேடு உண்டு. அதிகாரிக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அதில் எழுத வேண்டும். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கதிரையில் இருந்து, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். இத்தனை வருடமாகப் பத்தி எழுதுகிறேன், என் எழுத்தை ஒருவர் இப்படி ஊன்றி வாசித்து நான் பார்த்ததேயில்லை.

ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. 'எங்களை எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள். ஆனால் மகளின் சோதனை முடிந்த பிறகு அனுப்புங்கள்' என்று நான் எழுதியிருந்த இடம். எட்டிப் பார்த்த வதனியும் அதை அப்போதுதான் வாசித்தாள். தாலிக்கொடியை மெல்ல உள்ளே விட்டுக்கொண்டாள்.

"பிள்ளை எந்த ஸ்கூல்?" என்றார் அக்கா.

சொன்னேன். எழுந்து யன்னல் திரையை விலக்கினார். "அந்தா, கூரை தெரியுது."

அப்போதுதான் கோட்டுப் பொத்தானைக் கழற்றி மூச்சு விட்டேன்.

"கவுன்சில் ஆள் வந்து வீட்டைப் பாக்கட்டும். அதுவரைக்கும் வேறை ஒருத்தருக்கும் காட்டமாட்டன்" என்றார். சொன்ன சொல் தவறவில்லை. அந்த ஆள் வந்தார், குழாயைத் திறந்தார், புகை அலாரத்தை அமத்திப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். சாவி எங்கள் கையில்! மகள் முதல் வேலையாகக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசல்வரை நடந்து பார்த்தாள். நாலரை நிமிடமாம்!

வேலை செய்த காலமெல்லாம் வரி கட்டினேன். அதை ஒருவருக்கும் ஒளிக்கவில்லை, சொல்லிச் சொல்லிப் புலம்பினேன். அதில் கொஞ்சம் திரும்பி வரும்போது மட்டும் ஏன் இப்படித் திருடனைப்போல முழிக்கிறோம்?

நேற்றுப் பெட்டிகளை இறக்கும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தமிழர் நம்மவர்களின் தேசியக் கேள்வியைக் கேட்டார்: "வாங்கினதோ அண்ணை, வாடகையோ?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "வாடகை. அதுவும் அரசாங்க உதவியோடை!"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நாங்களும் அப்பிடித்தான் அண்ணை... பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

ஐயா, பக்கத்து வீட்டுக்காரனே இப்போது நான்தானே!