அண்ணியின் மாடுகள் மேம்பாலம் ஏறிய காலை

கல்யாணமாகி மூலக்குளத்துக்கு நான் வந்தபோது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருபத்துச் சொச்சம் மாடுகள் இருந்தன. அவை என் கணவருடையவை அல்ல, அவருடைய அக்காவுடையவை. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய கணவர் விபத்தில் இறந்தபின், இரண்டு பசுக்களோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அந்த இரண்டை இருபதாக ஆக்கியது அவருடைய கைதான். தம்பியைப் படிக்கவைத்ததும் அந்தப் பால்தான்.

அண்ணியின் பாலுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல பெயர். கேன் மூடியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் அளந்து ஊற்றுவார். யாரும் கேட்டதில்லை, அவராகக் காட்டுவார். கூச்சமில்லாமல் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், கோபம் வந்தால் மாட்டைத் திட்டுவதுபோல் மனிதர்களையும் திட்டுவார். நான் பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. வேலையை விட்டுவிடு என்று வீட்டில் பேச்சு வந்தபோது, “அவ ஏன் விடணும்? நான் விட்டனா?” என்று ஒரே வார்த்தையில் அதை முடித்துவைத்தவர் அவர்தான்.

எங்கள் கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பம்ப் அறை. அதையடுத்துத் தண்ணீர் டேங்க். சுற்றியுள்ள நான்கைந்து தெருக்களுக்கும் அங்கே போட்ட போர்வெல்லிலிருந்துதான் குடிதண்ணீர். போர் போடுவதற்கு முன்பே கொட்டகை இருந்தது. அப்போது சுற்றிலும் வயல்களாம். வீடுகள் பிறகு வந்தன. கொட்டகையின் ஓரத்தில் எருக்குழி, வெறும் மண் குழி. சாணமும் மாட்டு மூத்திரமும் கழுவிவிட்ட தண்ணீரும் அதில் போய்ச் சேரும். வண்டிக்காரர்கள் வந்து எருவை வாரிக்கொண்டு போவார்கள். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

ஒரு வருடம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீரில் லேசாக ஒரு வாடை. முதலில் குழாய் உடைந்து சாக்கடை கலந்திருக்கும் என்றார்கள். என் வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். வந்தவர்களில் ஒருத்தி பலகையைப் பார்த்தபடியே வாந்தி எடுத்தாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு அம்மா வரும்வரை உட்கார்ந்திருந்தேன். உடம்பு சூடு என் புடவையைத் தாண்டி உறைத்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அண்ணி கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

“எத்தினி பிள்ளைங்க?”

“பாதி கிளாஸ் காலியா இருக்கு அண்ணி.”

“எல்லாம் இந்த டேங்க் தண்ணி குடிக்கிற வீடா?”

“ஆமா.”

 கன்று தாயிடம் முட்டிக்கொண்டு போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மறுவாரம் தண்ணீர் விநியோகத்தைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். சின்ன வயது. போரிலிருந்தும் சில வீட்டுக் குழாய்களிலிருந்தும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. போர் தண்ணீரிலேயே மாட்டுக் கழிவு கலந்திருக்கிறது, மழையில் எருக்குழி ஊறி நிலத்துக்குள் இறங்குகிறது, அதனால் அந்தப் போரை நிறுத்தப்போகிறோம் என்றார். அதைத் தெருவில் வைத்துச் சொல்லவேண்டியிருந்தது, ஏனென்றால் தெருவே அங்கு கூடியிருந்தது.

எதிர் வீட்டுப் பெரியவர்தான் முதலில் கத்தினார். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் குடும்பம். சர்ச்சில் ஞாயிறு பூசைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போகிறவர். தெருவில் அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு ‘மிஸ்ஸே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய பேத்தி ஆஸ்பத்திரியில் இருந்தாள். நகராட்சிக் கட்டடத்தை இன்னும் பிரெஞ்சில் ‘மேரி’ என்றுதான் சொல்வார்.

“நாளைக்கே மேரிக்குப் போறேன். மாட்டப் புடிச்சிகினு போகச் சொல்றேன். ஊருக்கு நடுவுல மாட்டுப்பண்ணை வச்சிகினு எங்க பிள்ளைங்கள சாவடிக்கிறீங்களா?”

என் கணவர் பாய்ந்தார். “யோவ், நீங்க வூடு கட்டுறதுக்கு முன்னாலேருந்து எங்க மாடு இங்க நிக்குது. போரக் கொண்டாந்து மாட்டுக்குப் பக்கத்துல போட்டது நாங்களா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெரியவர் பேத்திக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயங்களும் ஒன்றின் சட்டையை இன்னொன்று பிடிக்கும் தூரத்தில் நின்றன. அண்ணி நடுவில் வந்து தம்பியின் கையைத் தட்டிவிட்டார். பொறியாளரைப் பார்த்து, “பாப்பா, எங்க மாடுதான்னு எப்படித் தெரியும்? நிச்சயமாத் தெரியணும் எனக்கு” என்றார்.

அவர் கேட்ட விதத்தில் சண்டை இல்லை. அந்தப் பெண்ணும் அதைப் புரிந்துகொண்டு, “குழியில எதுவுமே சேராம கொஞ்ச நாள் பாத்துக்கலாம்மா. தண்ணி மாறுதான்னு நான் வந்து எடுத்துப் பாக்கிறேன்” என்றார்.

அடுத்த சில மாதங்கள் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குத் தோள் வலிக்கிறது. குழியை அடிவரை வாரி எடுத்தார் அண்ணி. அன்றன்றைக்குச் சாணத்தை அன்றன்றைக்கே வண்டியில் ஏற்றி வெளியே வயல்களுக்கு அனுப்பினார். கழுவும் தண்ணீரைக்கூட டிரம்மில் பிடித்தோம். தெருவில் டேங்கர் லாரி வந்து தண்ணீர் கொடுத்தது. நான் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது பேச்சு நின்றுவிடும். பால் வாங்கிய வீடுகளில் பாதி பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டன. அண்ணி அதைப் பற்றி ஒருநாளும் புலம்பவில்லை.

கோடையில் போர் தண்ணீர் தெளிந்தது. என் கணவருக்குச் சந்தோஷம். “பாத்தியாக்கா, சரியாப் போச்சு” என்றார். பொறியாளர் மட்டும் ஒரு மழை வரட்டும் என்றார். வைகாசியில் ஒரு கோடை மழை இரண்டு நாள் கொட்டியது. மறுபடி எடுத்துப் பார்த்தபோது பழைய கதைதான். குழியைக் காலி செய்தாலும் இத்தனை வருடம் மாடு நின்ற மண் அது. மழை விழுந்தால் கீழே கொண்டுபோகிறது. மேலே மாடு நிற்கும்வரை மண் ஆறாது என்று அந்தப் பெண் சொன்னார்.

அன்று மதியம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது அண்ணி சொன்னார்: “கொட்டாய மாத்திடலாம்.”

என் கணவர் சோற்றில் வைத்த கையை எடுத்தார். “உனுக்குப் பைத்தியமா? யாரும் போவச் சொல்லி உத்தரவு போடல. போட்டாலும் கோர்ட்டுக்குப் போனா வருசக்கணக்குல இழுக்கலாம். நாமதான் முன்னாடி வந்தோம்.”

“இழுக்கலாம். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைங்க என்னாத்தக் குடிக்கும்?”

“அதுக்கு நாமளா பொறுப்பு?”

“பால்ல ஒரு சொட்டு தண்ணி கலக்காதவன்னு பேரு எடுத்தேன்டா. தண்ணியில மாட்டு மூத்திரத்தக் கலந்துகினு நான் என்னா பேரு எடுக்கிறது, சொல்லு.”

 என் கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அண்ணி தன் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். 

முதலில் கிடைத்த இடம் பக்கத்திலேயே இருந்தது. குத்தகைக்குக் கொடுப்பவர் தெரிந்தவர், கொட்டகை போடத் தயாராக மேடை இருந்தது, பால் கொண்டுவரவும் வசதி. வேண்டாவெறுப்பாக வந்த என் கணவருக்குக்கூடப் பிடித்துப்போனது. அண்ணி நிலத்தைச் சுற்றி நடந்தார். வரப்பு முடியும் இடத்தில், சரிவில், ஒரு கைப்பம்பு. இரண்டு பெண்கள் குடம் வைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி அவர்களிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். கீழே தெரிந்த குடிசைகளுக்கெல்லாம் அந்தப் பம்புதான் குடிதண்ணீர்.

திரும்பி வந்து, “இது வேணாம்” என்றார்.

“ஏங்க்கா? ஒரு கைப்பம்புக்காகவா? அவங்களுக்கு வேற எதுனா ஏற்பாடு பண்ணுவாங்க.”

“மூலக்குளத்துக்காரங்க கத்துவாங்க, மேரிக்குப் போவாங்க. இதுங்க எங்க போவும்? அங்கேருந்து எடுத்தாந்து இங்க ஊத்துறதுக்கு நான் எதுக்கு மாத்தணும்?”

என் கணவர் அன்று வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். நானும் அண்ணியும் பஸ்ஸில் திரும்பினோம். பிறகு பல நாள் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. ‘சோறு போடட்டுமான்னு கேளு’, ‘வேணாம்னு சொல்லு’ என்று என் வழியாகத்தான் எல்லாம்.

கடைசியில் கிடைத்த இடம் வில்லியனூரைத் தாண்டி உள்ளே. வீடுகள் இல்லை, பக்கத்தில் குளமோ கிணறோ இல்லை. களிமண் பூமி, சீக்கிரத்தில் தண்ணீரை உள்ளே விடாது. அண்ணி ஒப்புக்கொள்வதற்கு முன் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு போனார். “நீ பாத்து சரின்னு சொன்னாத்தான் பாப்பா நான் முளை அடிப்பேன்” என்றார். அது தன் வேலை இல்லை என்று அந்தப் பெண் சொல்லியிருக்கலாம். விடுமுறை நாளில் வந்து, வெயிலில் நடந்து பார்த்து, எருக்குழியை எந்த மூலையில் வைக்கவேண்டும், எப்படிச் சிமெண்ட் பூசவேண்டும் என்று குச்சியால் தரையில் வரைந்து காட்டினார். அண்ணி கொட்டகை கட்டும் முன்பே குழியைக் கட்டினார். மேஸ்திரி சிரித்தார். “மாட்டுக்கு வூடு கட்டச் சொன்னா சாணிக்கு மாளிகை கட்டுறாங்க.”

ஆவணி மாதம் ஒரு காலை மாடுகளைக் கொண்டுபோனோம். சினை மாடுகளும் கன்றுகளும் மட்டும் குட்டியானை வண்டியில். மற்றதெல்லாம் நடை. வண்டி ஏற்றினால் மிரண்டு பால் வற்றிவிடும் என்பது அண்ணியின் பயம். வில்லியனூர் ரோட்டில் அந்த நேரத்திலேயே பஸ்ஸும் லாரியும் ஓட ஆரம்பித்துவிடும். அதுதான் எங்களுக்குக் கவலை.

கொட்டகைக் கதவைத் திறந்தபோது எதிர் வீட்டுப் பெரியவர் தன் பழைய ஸ்கூட்டரோடு நின்றார். தலையில் ஹெல்மெட், கையில் ஒரு சிவப்புத் துண்டு. அவருடைய பேத்தி எப்போதோ தேறி ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவரும் அண்ணியும் அந்தச் சண்டைக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

“முன்னாடி நான் போறேன். ட்ராபிக்க நிறுத்துறேன்” என்றார்.

அண்ணி அவரை மேலும் கீழும் பார்த்தார். “துண்டைப் பாத்து மாடு மிரளும் மிஸ்ஸே. அத உள்ள வைங்க.”

அவர் துண்டை மடித்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

தெருவிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். பின்னால், கடைசி மாட்டுக்குப் பின்னால், கையில் ஒரு கம்போடு என் கணவர் வந்துகொண்டிருந்தார். வரமாட்டேன் என்று முந்தின நாள்வரை சொன்னவர். அண்ணி திரும்பிப் பார்த்துவிட்டு நடையைக் கொஞ்சம் குறைத்தார். அரும்பார்த்தபுரம் மேம்பாலம் தொடங்கும் இடத்தில் இருவரும் பக்கம் பக்கமாக வந்துவிட்டார்கள்.

மேம்பாலத்தில் மாடுகள் ஏற மறுத்தன. சரிவும் தார் ரோடும் அவற்றுக்குப் புதிது. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஹாரன்கள். ஸ்கூட்டர் பெரியவர் பஸ்ஸின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தமிழிலும் பிரெஞ்சிலும் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அண்ணி முன்னால் போய், பெரிய சிவலைப் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் காதில் என்னமோ பேசினார். அது ஒரு அடி வைத்தது, இன்னொரு அடி வைத்தது. பிறகு மற்றவை அதன் வாலைப் பார்த்துக்கொண்டு ஏறின. பாலத்தின் உச்சியில் காற்று அடித்தது. கீழே தண்டவாளம், தூரத்தில் தென்னைகள், வெயில் அப்போதுதான் மாடுகளின் முதுகில் விழுந்தது. பஸ்ஸிலிருந்து சிலர் போனில் படம் எடுத்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடுகளுக்கு முன்னால் நடந்த அந்த மனுஷியைப் பார்த்து, இவர் என் நாத்தனார் என்று எல்லாரிடமும் சொல்லவேண்டும்போல் இருந்தது எனக்கு.

அந்த வருட மழையிலும் போர் தண்ணீர் முழுதாகத் தெளியவில்லை. பெரிய ஏமாற்றம்தான். அண்ணி பொறியாளருக்குப் போன் போட்டுப் போட்டுக் கேட்பார். பழைய கொட்டகை மண்ணை ஆழமாக வெட்டி எடுத்து வெளியே அனுப்பினோம். அதற்கடுத்த மழைக்குப் பிறகுதான் நல்ல செய்தி வந்தது. போரைத் திறந்த அன்று ஸ்கூலில் பிள்ளைகளுக்குக் குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். எப்போதும்போலக் குடித்துவிட்டு விளையாட ஓடினார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அண்ணி இப்போது அங்கேயே தங்குகிறார். பாம்பு வருகிறது, பேச ஆளில்லை, சீரியல் பார்க்கும்போது பாதியில் கரண்ட் போகிறது என்று போனில் சண்டை போடுவார். பாலை என் கணவர்தான் காலையில் போய் எடுத்து வருகிறார்.

போன மாதம் நாங்கள் போயிருந்தபோது கருவடிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். எருமை வைத்திருக்கிறாராம், அங்கேயும் இதே தகராறாம். பொறியாளர் அனுப்பியிருக்கிறார். “மாத்துனதுல உங்களுக்கு லாபமா நட்டமா, உண்மையச் சொல்லுங்க” என்று கேட்டார்.

“கஷ்டம்தான். பொய் சொல்லமாட்டேன்” என்றார் அண்ணி. “பழைய வாடிக்கை பாதி போச்சி. ரெண்டு மாடு புது இடத்துல ஒத்துக்காம பால் குறைஞ்சிது. தம்பி ரெண்டு மூணு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிகினு இருந்தான்.” பக்கத்தில் நின்ற என் கணவர் தொண்டையைக் கனைத்தார்.

வந்தவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். “எதுல ஆரம்பிக்கிறது?”

“மொதல்ல நிலத்துக்குக் கீழ்ப்பக்கம் யாரு தண்ணி எடுக்கிறாங்கன்னு பாருங்க. மாட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டு, அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு அவரை எருக்குழிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.