பன்னிரண்டு பார்

பல் மருத்துவர் புதுப் பல்செட்டை மாட்டிவிட்டு, "மூச்ச இழுங்க சார்" என்றார். இழுத்தேன். முன்பற்களுக்கு நடுவே ஒரு விசில் கிளம்பி, மெல்ல வளைந்து கீழே இறங்கியது. அவர் பதறிப்போனார். எனக்கோ சிரிப்பு. அந்தச் சத்தத்தை வரவழைக்க ஒரு காலத்தில் நாலு மாதம் உதடு புண்ணாகப் பாடுபட்டவன் நான். இப்போது ஓசியில் வருகிறது.

நில அளவைத் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பகலெல்லாம் வரப்பில் சங்கிலி பிடித்து எண்ணுவேன். மாலையில் மாடிப்படி, தெருவிளக்கு, தட்டில் விழுந்த இட்லி என்று எதையாவது எண்ணாவிட்டால் நிம்மதி இருக்காது. மவுத் ஆர்கன் வாங்கியதே பத்து ஓட்டைதான், எண்ண வசதி என்றுதான்.

டேவிட் என் வயசுக்காரன். தென்னேரிப் பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். இவன் காஞ்சிபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டு, ஓய்ந்த நேரத்தில் கிட்டார் வாசித்தான். ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்காத ஒரு டேப்ரெக்கார்டருக்குள் கிடந்த கேசட்டில்தான் எங்களுக்கு ப்ளூஸ் கிடைத்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு. வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. துக்கத்தைச் சொல்லிக்கொண்டே காலை ஆட்ட வைத்தது.

"ஊதாதடா, இழு" என்பான் டேவிட். "ஊதினா ஸ்கூல் பேண்டு. இழுத்தாதான் ப்ளூஸ்."

நாக்கைப் பின்னால் மடக்கி மூச்சை உள்ளே இழுத்தால் ஸ்வரம் வளைந்து அழும். எனக்கு முதலில் எச்சில்தான் வந்தது. தபேலாவுக்கு நெசவுக் குடும்பத்து ஏகாம்பரம் சேர்ந்தான். கடைக்கு மேலே இருந்த அறையில் பயிற்சி. நாலு தட்டு சேர்ந்தால் ஒரு 'பார்', பன்னிரண்டு பார் சேர்ந்தால் ஒரு சுற்று. கிட்டார் ஒரு சுற்று முடித்த பிறகே நான் நுழைய வேண்டும். எண்ணுவதற்கென்றே பிறந்தவன் நான், ஆனால் எண்ணினால் மூச்சு மறந்துபோகும், மூச்சைக் கவனித்தால் எண்ணிக்கை போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் ஐயம்பேட்டையில் பெண் பார்த்தோம். காபி கொண்டுவந்தவளின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். டம்ளரை நீட்டியபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இருவது. ரெண்டு கையும் சேத்து" என்றாள். அதோடு நான் காலி. கல்யாணம் என்றால் இவளோடுதான்.

அவள் அப்பா பட்டு நெய்கிறவர், சிவபக்தர், சாராய வாடை வீசினால் தெருவையே மாற்றிப் போகிறவர். பையனைப் பற்றி விசாரிக்கத் தனியாக டவுனுக்கு வந்து, டேவிட் கடைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஏகாம்பரத்திடம் போய் மாட்டினார். நண்பனை உயர்த்திச் சொல்லிவிட வேண்டுமென்று ஏகாம்பரத்துக்கு ஆவேசம்.

"தங்கமான பையன்பா. வாராவாரம் நாங்க மூணு பேரும் சேந்துதான் போடுவோம். முன்னல்லாம் அஞ்சாறு பார்லயே தடுமாறுவான். இப்ப பன்னெண்டு பார் போனாலும் ஸ்டெடியா நிக்கிறான்!"

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாளில் சேதி வந்தது: "கொஞ்சம் யோசிக்கணும்." எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏகாம்பரம் மட்டும், "நான் எவ்ளோ நல்லா சொன்னேன் தெரியுமா?" என்று வியந்துகொண்டிருந்தான்.

அந்த வாரமே எங்கள் அலுவலக ஆண்டு விழாவில் முதல் கச்சேரி. திரை விலகியது. முதல் வரிசையில் பெண்ணின் அப்பா! எண்ணிக்கை சிதறி, ஒன்பதாவது பாரிலேயே உள்ளே விழுந்தேன். டேவிட் முறைத்தான். ஏகாம்பரம் அடித்த அடியில் எல்லாம் அமுங்கிப்போனது. ஜனங்கள் கைதட்டினார்கள். அது வேறு விஷயம்.

முடிந்ததும் அவர் மேடையோரம் வந்து என் மூக்குக்கு நேரே நின்றார்.

"எங்க, ஊதுபா."

பாட்டு கேட்கிறார்! உடனே மவுத் ஆர்கனை வாயில் வைத்து, கைவசம் இருந்ததிலேயே நல்லதை இழுத்தேன். அவர் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். ரசிக்கிறார் என்று இன்னும் நீளமாக இழுத்தேன்.

"இன்னாபா, ஊதச் சொன்னா உள்ளயே இழுத்துக்கினு கீற? வெளிய உடு மூச்ச!"

டேவிட் விலாவில் இடித்தான். "டேய், அவரு பாட்டு கேக்கலடா. மோந்து பாக்க வந்துக்கீறாரு!"

அப்போதுதான் பன்னிரண்டு பாரும் என் தலையில் ஒன்றாக விழுந்தன. மவுத் ஆர்கனை எடுத்துவிட்டு ஊதினேன். அவர் கண்ணை மூடி முகர்ந்தார். இருபது வளையலும் அந்த மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தன.

"சுக்கு" என்றார். மறுபடி முகர்ந்தார். "வெறும் சுக்குதான்." தொண்டை கட்டியிருந்ததால் காலையிலிருந்து நான் குடித்தது அதுதான்.

"நான்தான் சொன்னேனே, எவ்ளோ போட்டாலும்..." என்று ஏகாம்பரம் ஆரம்பிக்க, டேவிட் அவன் வாயைப் பொத்தி, பார் என்றால் என்னவென்று அவருக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டினான். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. தை மாதம் கல்யாணம்.

அதன்பிறகு மாமனார் எங்கள் பயிற்சிக்கு வாராவாரம் வந்து ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தார். சுற்று முடிந்துவிட்டதென்று நினைத்து எப்போதும் பதினோராவது பாரில் பலமாகக் கைதட்டுவார். என் எண்ணிக்கை குலைந்துபோகும். "அடுத்த வாரம் அவர வர வேணாம்னு சொல்லு" என்று அவர் மகளிடம் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

அந்த அறையில் இப்போது செல்போன் கடைக்காரர் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார். ஏகாம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டான். டேவிட் மகளோடு கோயம்புத்தூரில். மாமனார் போயும் வருஷங்கள் ஆகின்றன. வீட்டில் தனியாக வாசிக்கிறேன். பன்னிரண்டு பாரும் பிசகாமல் வந்துவிடுகின்றன, பதினொன்றில் அந்தக் கைதட்டலுக்காக ஒரு கணம் நின்று பார்த்தாலும்கூட.