ஜமால்தீனின் வள்ளமும் ஜுமானாவின் கொட்லினும்

என் மகள் ஜுமானா கிண்ணியாவில் வீட்டிலிருந்தபடியே கைத்தொலைபேசிக்குச் செயலி எழுதுகிறவள். கொட்லின் என்ற கணினி மொழியில் எழுதுவாள். எனக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. ஆனாலும் என்ன செய்கிறாள் என்று கேட்காமல் விடமாட்டேன்.

மீனவர் சங்கத்துக்கு வள்ளப் பதிவுச் செயலி செய்துகொடுக்க ஒப்புக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு அதைக் காட்டவேண்டும். சங்கம் வேண்டாமென்றால், தன் மூன்று வயதுப் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுக் கொழும்புக் கம்பனிக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். காலையில் பார்த்தால், திரையில் சங்கத் தலைவர் ஜமால்தீனின் வள்ளத்தைத் தொட்டதும் செயலி நின்று மூடிக்கொள்கிறது.

"அது இஞ்சின் வள்ளம் எண்டு ஊருக்கே தெரியும். உன்ட போனுக்கு மட்டும் தெரியாதா?" என்றேன்.

"வெறும் வள்ளமாத்தான் அத உருவாக்கினனான் உம்மா. பிறகு இஞ்சின் வள்ளமா எடுத்துக்கொள் எண்டு எழுதியிருக்கன்."

எங்கள் வழக்கத்தால் வந்த பிழை அது. இங்கே முதலில் வள்ளத்தை வாங்கிப் பதிவு செய்வார்கள். இஞ்சின் அடுத்த பருவத்தில்தான் வரும். அவளும் அதே வரிசையில் எழுதிவிட்டாள்.

"எழுதினாக் கேக்காதா?"

"எழுதிறதால இஞ்சின் முளைக்காது. உருவாக்கேக்கயே இஞ்சின் நம்பரக் குடுத்திருக்கணும். அப்பிடி உருவானத வெறும் வள்ளமெண்டும் எடுக்கலாம். வெறும் வள்ளமா உருவானத இஞ்சின் வள்ளமா எடுக்க ஏலாது."

நான் விடவில்லை. "ஜமால்தீன் என்ன, வள்ளத்த உடைச்சுப்போட்டுப் புதுசா செஞ்சிட்டுத்தானா இஞ்சின் பூட்டினவர்?"

"அவர் பூட்டலாம், இதுக்குள்ள பூட்ட ஏலாது. பிள்ளையத் தூக்கிக்கொண்டு அங்கால போங்க உம்மா."

பகல் முழுக்க மாற்றி எழுதினாள். இஞ்சின் வந்தால், அதன் இலக்கத்தோடு புதிதாக ஓர் இஞ்சின் வள்ளம் உருவாகும். பழையதன் பெயரும் பதிவு இலக்கமும் அதற்குள் வந்துவிடும்.

சங்கத்துக்கு நானும் போனேன். ஜமால்தீன் போனில் தன் வள்ளத்தைத் தொட்டார். செயலி மூடவில்லை, இஞ்சின் இலக்கத்தைக் கேட்டது.

"அதப் பிறகு போடுவம், இப்ப திற," என்று போனோடு வாதாடினார். அது அசையவில்லை.

"என்ட பொஞ்சாதியவிடப் பிடிவாதம் இது."

எல்லோரும் சிரித்தார்கள். இறங்குதுறையில் நின்ற தம்பிக்கு அழைத்து இலக்கத்தைக் கேட்டுப் போட்டார். திறந்தது. போனை ஜுமானாவிடம் நீட்டினார்.

"நல்லம். இலக்கம் சொல்லாம இனி ஒருத்தரும் என்னட்டக் கதைக்க ஏலாது. மற்ற வள்ளங்களையும் நாளைக்கே போடுங்க, மகள்."

ஜுமானா வெளியே வந்து கொழும்புக்கு அழைத்தாள். வரவில்லை என்று அவள் சொன்னதை என் காதால் கேட்டேன். அதைக் கேட்கத்தானே கால் வலியோடு அவ்வளவு தூரம் நடந்தேன்.