மயக்க ஊசிக்கு முன்னால் கேட்ட கேள்வி

அக்காவுக்குப் பித்தப்பையில் கல். தொண்ணூறுகளில் ஒரு நாள், தி. நகரில் ஒரு நர்சிங் ஹோமில் காலை பத்து மணிக்கு ஆபரேஷன். எட்டு மணியிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் போவதும் வருவதுமாக இருந்தேன். "ஒரு இடத்துல உட்காரேண்டி," என்றாள் அம்மா. எப்படி உட்கார்வது?

ஐந்து வருஷம் முன்னால் எனக்குக் குடல்வால் எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்தும் மூச்சு திரும்பவில்லை. நாலு மணி நேரம் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தார்களாம். தசையைத் தளர்த்தும் ஊசியைக் கரைக்கிற சத்து என் ரத்தத்தில் பிறவியிலேயே இல்லை, கூடப் பிறந்தவளுக்கும் அப்படி இருக்கலாம், எந்த ஆபரேஷன் என்றாலும் முதலில் இதைச் சொல்லுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்; அதனாலும் இப்படி வருமாம். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது ஒன்றுதான். "வெளியில யார்கிட்டயும் சொல்லக்கூடாது. ரெண்டு பொண்ணையும் கரையேத்தணும்."

அக்கா கரையேறி எட்டு மாதம். என் ஜாதகம் அப்போது மூன்று மாப்பிள்ளை வீட்டில் இருந்தது.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ரூமுக்கு வந்தார். "குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சினை வந்திருக்கா?" மயிலாப்பூரிலிருந்து ஃபிளாஸ்க்கோடு வந்திருந்த அக்காவின் மாமியார் பக்கத்திலேயே நின்றார். "அதெல்லாம் யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க," என்றாள் அம்மா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள். அக்கா வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டு வாசல் வரை போய்விட்டார்.

"எனக்கு வந்துச்சு," என்றேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள்.

"நல்லவேளை சொன்னே. அந்த ஊசியே வேண்டாம், வேற மருந்து கொடுக்கறேன்," என்று டாக்டரம்மா எழுதியதை அடித்துத் திருத்தினார். மாமியார் அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அது வேறு பயமாக இருந்தது.

மதியம் அக்கா கண் விழித்தாள். மூச்சு தானாக, ஒழுங்காக வந்தது. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார் வெளியே போன நேரம் பார்த்துக் கேட்டேன். "எனக்கு ஆனது உனக்கு ஞாபகம் இல்லையாக்கா? நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"ஞாபகம் இருக்கு," என்றாள். "செத்திருந்தா மாமியார் வீட்டுல ஒரு நாள் அழுதிருப்பாங்க. இனிமே தினம் தினம் சொல்லிக் காட்டுவாங்களேடி."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அறைந்திருப்பேன். வயிற்றில் தையல் இருந்ததால் விட்டேன்.